விளம்பரமும் இளம்பிள்ளை மனமும்

ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. ஆயினும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குச் செல்லும்போது, தான் விரும்பும் பிசுக்கோத்துப் பெட்டியை அது தூரத்திலிருந்தே இனங்கண்டு கொள்கின்றது. பெட்டியிலுள்ள எழுத்தை அது படிப்பதில்லை. நிறத்தையும் வடிவத்தையும் படத்தையும் படிக்கின்றது. வானொலியில் ஒரு சவர்க்கார விளம்பரத்தின் முதற் சொல் ஒலித்த மாத்திரத்தே, மிகுதிப் பாட்டை இராகம் பிசகாமல் பாடி முடிக்கின்றது. பாட்டின் பொருள் அதற்குத் தெரியாது. அதனைத் தனக்குக் கற்பித்தவர் யார், எதற்காகக் கற்பித்தார் என்பதும் தெரியாது. வீட்டிலுள்ளோர் கேட்டு மகிழ்கின்றனர்; பிள்ளையின் ஞாபகசக்தியை அயலாரிடம் சொல்லிப் பெருமை கொள்கின்றனர்.

பிசுக்கோத்தும் சவர்க்காரமும் விலைப்படும் வரையில் இதிற் பெருந்தீங்கு ஒன்றும் இல்லை எனலாம். அதே கண்ணையும் அதே செவியையும் அதே ஞாபகசக்தியையும் நாடிச் சிகரட்டும் மதுவும் வரும்பொழுது நிலைமை வேறாகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, புகையிலையினால் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். மதுவினால் 2019ஆம் ஆண்டில் மட்டும் 26 இலட்சம் பேர் மாண்டனர். இத்துணைக் கேடு விளைக்கும் பண்டங்களை, நன்மை தீமை பகுத்தறியும் வயது வாராத பிள்ளைகளின் மனத்திற் பதிய வைத்தல் தகுமா என்பதே இங்கு எழும் வினா. தகாது என்று விடை கூறுதல் எளிது. எவ்வாறு தடுப்பது என்று கேட்டால், அதற்கு விடை அவ்வளவு எளிதன்று. இந்த விடையைத் தேடி உலக நாடுகள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கின்றன.

1991ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள பாலர் பாடசாலைகளில், 3 வயது முதல் 6 வயது வரையிலான 229 பிள்ளைகளை ஆராய்ச்சியாளர் ஒரு விளையாட்டில் ஈடுபடுத்தினர். வியாபாரச் சின்னங்கள் வரைந்த அட்டைகள் சில பிள்ளைகளின் கையிற் கொடுக்கப்பட்டன. எதிரே ஒரு பலகையில் பல்வேறு பொருள்களின் படங்கள் இருந்தன. எந்தச் சின்னம் எந்தப் பொருளுக்கு உரியது என்று பார்த்து அட்டையை அப்பொருளின்மீது வைத்தல் வேண்டும். அவ்வட்டைகளுள் ஒன்றில் ஓர் ஒட்டகத்தின் முகம் வரையப்பட்டிருந்தது. அஃது அக்காலத்தில் அமெரிக்கா எங்கணும் விளம்பரத் தட்டிகளிற் காணப்பட்ட ஜோ கமல் என்னும் கேலிச்சித்திர ஒட்டகம். கறுப்புக் கண்ணாடி அணிந்து, மோட்டார்ச் சைக்கிளும் வாத்தியக் கோஷ்டியுமாய், எந்நேரமும் வாயிற் சிகரட்டோடு அது காட்சியளித்தது.

மூன்று வயதுப் பிள்ளைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேர் அந்த ஒட்டகத்தைச் சிகரட்டின்மேல் வைத்தனர். ஆறு வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 91 பேர் அவ்வாறு செய்தனர். மிக்கி மவுஸ் என்னும் எலியின் சின்னத்தையும் ஏறக்குறைய அதே தொகையினரே சரியாக இனங்கண்டனர். உலகெங்குமுள்ள பிள்ளைகளுக்காகவே பிறந்த எலியும், வளர்ந்தோருக்கென்று கூறப்பட்ட ஒட்டகமும் ஆறு வயது மனத்தில் ஒரே உயரத்தில் நின்றன. அப்பிள்ளைகளுள் ஒருவரும் சிகரட்டு வாங்கக் கடைக்குச் சென்றவரல்லர். கதை சொல்லும் முகமொன்றை நினைவில் வைத்திருந்தனர், அவ்வளவே. ஆயின் அந்த முகம் பத்து ஆண்டுகள் கழித்து எங்கே அழைத்துச் செல்லும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனை வரைந்தவர்கள் அறியாதிருந்திருக்க முடியாது.

அச்சிகரட்டை விற்ற கம்பனி, தன் விளம்பரம் வயது வந்தோரை நோக்கியதே என்று வாதிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண் வழக்கறிஞர் 1991ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். வழக்கு ஆண்டுக் கணக்கில் நீடித்தது. 1997இல் அந்த ஒட்டகம் விளம்பரத்திலிருந்து விலக்கப்பட்டது. மறு ஆண்டு நொவெம்பர் மாதத்தில் 46 மாநிலங்களுக்கும் பெரிய சிகரட்டுக் கம்பனிகளுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை உண்டாயிற்று. சிகரட்டு விளம்பரத்திற் கேலிச்சித்திரம் கூடாது, தெருவோரத் தட்டிகள் கூடாது, சிகரட்டின் பெயர் பொறித்த தொப்பியும் சட்டையும் வழங்குதல் கூடாது என்பன அதன் நிபந்தனைகளுட் சில.

இவ்வழக்குகளினால் வேறொரு பயனும் விளைந்தது. கம்பனிகளின் உள்ளகக் கடிதங்களும் அறிக்கைகளும் நீதிமன்றத்தின் வழியாகப் பகிரங்கமாயின. அவற்றுள் 1981ஆம் ஆண்டிற் பிலிப் மொரிஸ் கம்பனியில் எழுதப்பட்ட ஓர் அறிக்கை, இன்றைய பதின்வயதினரே நாளைய நிரந்தர வாடிக்கையாளராகக் கூடியவர் என்று கணக்கிடுகின்றது. 1984இல் ஆர். ஜே. ரெனோல்ட்ஸ் கம்பனியில் எழுதப்பட்ட மற்றோர் அறிக்கை, விட்டு நீங்கும் புகைப்போருக்குப் பதிலாக வருவோர் இளையோரே அன்றி வேறிலர் என்கின்றது. இதிலே மறைபொருள் ஒன்றும் இல்லை. எந்த வியாபாரத்திலும் பழைய வாடிக்கையாளர் ஓய்ந்துபோகப் புதியவர் வரல் வேண்டும். சிகரட்டு வியாபாரத்திலோ, பழையவர் ஓய்ந்துபோவதற்கு அப்பண்டமே காரணமாகின்றது. அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி 2012இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாள்தோறும் புகைக்கும் வளர்ந்தோருள் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் 18 வயது நிரம்புமுன்னரே முதற் சிகரட்டைத் தொட்டவர்கள். முப்பது வயதில் முதன்முறையாகப் புகைக்கத் தொடங்குவோர் மிகச் சிலரே. ஆகவே, அவ்வியாபாரம் நிலைப்பதற்கு இளமையின் வாயிலே அதற்குரிய வாயிலாகின்றது.

மதுவின் கதையும் இதனின்று அதிகம் வேறுபட்டதன்று. இளைஞரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 13 ஆராய்ச்சிகளை ஒருங்குதிரட்டி, 2009ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீடு வெளியிடப்பட்டது. 38,000க்கு மேற்பட்ட இளையோரைப் பற்றிய அம்மதிப்பீடு, மது விளம்பரத்தை மிகுதியாகக் கண்டும் கேட்டும் வளர்ந்தோர் குடிக்கத் தொடங்குதற்கும், தொடங்கியோர் மேலும் மிகுதியாகக் குடித்தற்கும் ஏதுவுண்டு என்ற முடிவுக்கு வந்தது. மேலும், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், விளம்பரம் என்பது தம்மை இணங்கச் செய்வதற்காக ஆக்கப்பட்டதென்பதை உணரும் ஆற்றல் இல்லாதவர்கள் என்று அமெரிக்க உளவியற் சங்கம் நியமித்த குழு 2004இல் அறிவித்தது. வளர்ந்தவர் ஒருவர் விளம்பரத்தைக் கேட்கும்போது, 'இவன் தன் சரக்கை விற்கின்றான்' என்ற எண்ணம் உள்ளே காவல் நிற்கின்றது. பிள்ளையிடம் அக்காவல் இல்லை. காவலில்லாத வீட்டில் நுழைந்தவனைக் கெட்டிக்காரன் என்று எவரும் போற்றுவதில்லை.

திருக்குறளிலே கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் உண்டு. 93ஆவது அதிகாரமாகிய அதில் வள்ளுவர் குடிப்பவனின் நிலையையே எடுத்துரைக்கின்றார். அவன் இழக்கும் மதிப்பையும் மானத்தையும் எடுத்துக்காட்டுகின்றார். அக்காலத்திற் கள்ளை விரும்பியவன் கள் இருக்கும் இடத்தைத் தேடிச் சென்றான். இக்காலத்திலோ கள்ளே ஆளைத் தேடி வருகின்றது. பாட்டாகவும் படமாகவும் பந்தயப் பரிசாகவும் உருமாறி, கேளாத செவியிலும் புகுகின்றது. ஆதலின், குடிப்பவனுக்கு அறிவுரை கூறும் பழைய அறம் மட்டும் போதாதாயிற்று. தேடிவரும் சரக்கை வழியிலே மறிக்கும் புதிய சட்டமும் வேண்டியதாயிற்று.

அச்சட்டங்களின் வரலாறு வானொலியோடும் தொலைக்காட்சியோடும் தொடர்புடையது. 1960ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் என்னும் கேலிச்சித்திரத் தொடர் ஆரம்பமாயிற்று. கற்கால மாந்தரின் வேடிக்கைக் குடும்பக் கதை அது. அதன் பாத்திரங்களே விளம்பரத்திலே தோன்றி வின்ஸ்டன் சிகரட்டைப் புகைத்துக் காட்டின. அக்காலத்தில் அது எவருக்கும் வியப்பாகத் தோன்றவில்லை. 1962இல் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியும், 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியும் புகைத்தலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை அறிக்கைகளில் வெளிப்படுத்திய பின்னரே அரசாங்கங்கள் விழித்தன. 1965ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதியிலிருந்து பிரித்தானியத் தொலைக்காட்சியிற் சிகரட்டு விளம்பரம் நின்றது. அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதி தொடக்கம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரட்டு விளம்பரம் தடைசெய்யப்பட்டது.

வாய்க்காலை ஓரிடத்தில் மறித்தால், நீர் வேறோரிடத்தில் வரம்பை உடைத்துக்கொண்டு பாயும். பிரித்தானியத் தொலைக்காட்சி விளம்பரம் நின்ற நான்கு ஆண்டுகளுள், 1969இல் ஜோன் பிளேயர் என்னும் சிகரட்டின் பெயரோடு ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட் பந்தயத் தொடர் தொடங்கிற்று. விளம்பரமே ஏற்காத பி.பி.சி. தொலைக்காட்சியில் அப்பந்தயங்கள் காட்டப்பட்டன. விளம்பரம் ஒன்றும் இல்லை. ஆயின் சிகரட்டின் பெயர் வாரந்தோறும் வீடுகளுக்குட் சென்றது. 1992ஆம் ஆண்டின் உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி பென்சன் அன்ட் ஹெட்ஜஸ் என்ற சிகரட்டின் பெயரைத் தாங்கியிருந்தது. 1996இல் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்திய உலகக் கிண்ணப் போட்டி, இந்தியாவில் விற்பனையான வில்ஸ் சிகரட்டின் பெயரால் வழங்கிற்று. அவ்வாண்டு மார்ச் 17ஆந் திகதி லாகூர் நகரில் இலங்கை அணி அக்கிண்ணத்தை வென்றது. இலங்கைச் சிறுவர்கள் தம் வீரர்களின் பெயர்களை மனப்பாடஞ் செய்த அந்நாளில், அவ்வீரர்களின் வெற்றியோடு ஒரு சிகரட்டின் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஓடியும் எறிந்தும் உடல் உரத்தால் வெல்லும் விளையாட்டுக்கும், ஓடினால் மூச்சிரைக்கச் செய்யும் புகைக்கும் என்ன உறவு என்று கேட்பார் அன்று அரியர்.

இந்தியாவில் வேறொரு தந்திரமும் வழக்கிலிருந்து வருகின்றது. மது விளம்பரம் தடைசெய்யப்பட்ட இடங்களிலே, அதே மதுவின் பெயரோடு சோடாத் தண்ணீரும் குடிநீரும் இசைத் தட்டும் விளம்பரமாகின்றன. பெயரும் எழுத்தின் வடிவமும் நிறமும் மதுவுக்குரியவை. போத்தலில் உள்ளது மட்டும் தண்ணீர். தண்ணீர் விற்பதற்காக அவ்வளவு பணம் செலவிடுவார் எவருமிலர் என்பதை வளர்ந்தோர் அறிவர். பிள்ளையோ பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கின்றது. இவ்வாறு மாற்றுருவில் வரும் விளம்பரத்தைச் சட்டம் தனியாகக் கவனித்தல் வேண்டும் என்பதை இவ்வனுபவம் உணர்த்துகின்றது.

வியாபாரிகள் தாமாகவே கட்டுப்பாட்டை மேற்கொள்வார்களாயின் சட்டம் எதற்கு என்று சிலர் கேட்பர். இதற்கும் வரலாறு விடை தருகின்றது. அமெரிக்க மதுவடிப்போர் 1936ஆம் ஆண்டு முதல் வானொலியிலும், 1948ஆம் ஆண்டு முதல் தொலைக்காட்சியிலும் கடுமதுக்களை விளம்பரஞ் செய்வதில்லை என்று தாமே விரதம் பூண்டனர். பாராட்டத்தக்க விரதமே. ஆயின் 1996ஆம் ஆண்டில், தாமே பூண்ட அவ்விரதத்தைத் தாமே நீக்கிவிட்டனர். தடுப்பார் இல்லை, ஏனெனில் அது சட்டமன்று. பின்னர் 2003இல் அவர்கள் மேற்கொண்ட விதிப்படி, கேட்போருள் நூற்றுக்கு 70 பேராவது சட்டம் அனுமதித்த வயது நிரம்பியோராயிருப்பின் விளம்பரஞ் செய்யலாம் என்றிருந்தது. அதன்படி, எஞ்சிய 30 பேரும் பிள்ளைகளாயிருந்தாலும் விதி மீறப்பட்டதாகவில்லை.

பிரான்சு தேசத்தில் 1991ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நிறைவேறிய சட்டம் வேறு வழியைக் காட்டிற்று. அந்நாட்டுச் சுகாதார மந்திரியாயிருந்த குளோட் எவான் என்பாரின் பெயரால் அது வழங்குகின்றது. திராட்சை மதுவைப் பண்பாட்டின் ஓர் அங்கமாகவே கொண்டுள்ள நாடு அது. இருந்தும் தொலைக்காட்சியிலும் படமாளிகையிலும் மது விளம்பரத்தை அச்சட்டம் விலக்கிற்று. இளைஞருக்கான வெளியீடுகளிலும் விலக்கிற்று. அனுமதித்த இடங்களிலும், மதுவின் செறிவு, பிறப்பிடம், தயாரிக்கும் முறை போன்ற செய்திகளையன்றி, அதனைக் குடிப்பவன் அழகனாவான், வீரனாவான், நண்பர் சூழ்வர் என்ற கனவுகளைக் காட்டலாகாது என்று வரையறுத்தது. வியாபாரச் சுதந்திரத்துக்கு இது முரணானது என்று வழக்கு எழுந்தபோது, ஐரோப்பிய நீதிமன்றம் 2004இல் மக்களின் சுகநலத்தைக் காப்பதற்காக இத்தகைய கட்டுப்பாடு ஏற்புடையதே என்று தீர்த்தது. லித்துவேனியா 2018ஆம் ஆண்டு முதல் மது விளம்பரத்தை முற்றாக விலக்கியிருக்கின்றது. அயர்லாந்தின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலைகளிலிருந்தும் விளையாட்டிடங்களிலிருந்தும் 200 மீற்றர் எல்லைக்குள் மது விளம்பரத்துக்கு இடமில்லை என்கின்றது.

இவ்விடத்தில் ஒரு நுட்பமான கேள்வி எழுகின்றது. பிள்ளைகளை நோக்கிய விளம்பரத்தை மட்டும் தடுத்து, வளர்ந்தோருக்கான விளம்பரத்தை விட்டுவிடலாகாதா? நியாயமாகவே தோன்றும் யோசனை இது. ஆயினும் நடைமுறையில் இவ்விரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தல் அரிது. பதினான்கு வயதுச் சிறுவன் தன்னைப்போன்ற சிறுவனாக இருக்க விரும்புவதில்லை. இருபத்திரண்டு வயதுக் காளையாக இருக்கவே ஏங்குகின்றான். எனவே, இருபத்திரண்டு வயதுக் காளையைக் காட்டும் விளம்பரமே அவன் உள்ளத்தை மிகுதியாக இழுக்கின்றது. 'வளர்ந்தோருக்கு மட்டும்' என்ற எச்சரிக்கை, விரைவில் வளர்ந்துவிடத் துடிப்பவனுக்கு அழைப்பாகவே அமைகின்றது. இன்ன விளம்பரம் பிள்ளைகளை நோக்கியது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கப் பல்லாண்டுகள் செல்லும் என்பதற்கு அந்த ஒட்டகத்தின் வழக்கே சான்று. வழக்கு முடிவதற்குள், மூன்று வயதில் அதனை இனங்கண்ட பிள்ளை ஒன்பது வயதை எட்டிவிட்டது.

இக்காரணம் பற்றியே, 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் நாடுகள் ஏற்றுக்கொண்ட புகையிலைக் கட்டுப்பாட்டுச் சாசனம், தத்தம் அரசியலமைப்புக்கு இயைய விளம்பரம் முழுவதையுமே விலக்குமாறு தன் 13ஆம் உறுப்புரையிற் கேட்டுக்கொள்கின்றது. 16ஆம் உறுப்புரை, சிகரட்டின் வடிவத்திற் செய்த இனிப்புப் பண்டங்களையும் விளையாட்டுப் பொருள்களையும் குறிப்பிட்டு, அவை பிள்ளைகளைக் கவர்வதால் விலக்கத்தக்கன என்கின்றது. முனையிற் சிவப்பு நிறம் தீட்டிய சிகரட்டு மிட்டாயை இரு விரலிடையே பிடித்துப் புகை ஊதுவதுபோல் நடித்த பருவத்தை நினைவிற் கொண்டுள்ள நேயர்கள் பலர் இருப்பர். அந்த நடிப்பும் ஒரு பயிற்சியே என்பதைச் சாசனம் வகுத்தோர் உணர்ந்திருந்தனர்.

இலங்கை அச்சாசனத்தை 2003ஆம் ஆண்டு நொவெம்பர் மாதத்திலேயே ஏற்று உறுதிப்படுத்திற்று. பின்னர் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை நிறுவப்பட்டது. பல நாடுகள் புகையிலையை ஒரு சட்டத்திலும் மதுவை வேறொரு சட்டத்திலும் வைத்திருக்க, இலங்கைப் பாராளுமன்றம் இரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது. இரண்டினதும் விளம்பரத்தை விலக்கிற்று. விளையாட்டு முதலிய நிகழ்ச்சிகளுக்கு அவற்றின் பெயரால் அனுசரணை வழங்குதலையும் இலவசமாகப் பங்கிடுதலையும் விலக்கிற்று. 21 வயது நிரம்பாத எவருக்கும் அவற்றை விற்றல் குற்றம் என்று விதித்தது. சிகரட்டுப் பெட்டியும் ஒரு விளம்பரமே என்பது பின்னர் உணரப்பட்டது. சட்டைப்பையில் இருந்து நாளொன்றுக்குப் பன்முறை வெளியே எடுத்து வைக்கப்படும் சிறிய தட்டி அது. 2012இல் வெளியான எச்சரிக்கைப் பட ஒழுங்குவிதி நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. பின்னர் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்த, 2015ஆம் ஆண்டு முதல் பெட்டியின் நூற்றுக்கு 80 பங்கு இடத்தில் நோயைக் காட்டும் எச்சரிக்கைப் படங்கள் இடம்பெறலாயின.

சட்டத்தை எதிர்ப்போர் கூறும் காரணங்களைப் புறக்கணித்தல் நியாயமாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் புகையிலைச் செய்கையாற் பிழைத்த குடும்பங்கள் பல. அங்கு விளைந்த புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று. கல்வீடு கட்டுதற்கும் பிள்ளைகளைப் படிப்பித்தற்கும் அது பொருள் தந்தது. கிணற்று நீரை இறைத்து இறைத்துக் கன்றுகளைக் காத்த கமக்காரனை எவரும் குற்றவாளி என்று கூறார். விளம்பரத் தடை அவன் வயலைப் பறிப்பதன்று. புதிய பிள்ளைகளை அப்பழக்கத்துக்கு அழைத்தலை மட்டுமே அது நிறுத்துகின்றது. பழக்கம் தலைமுறை தலைமுறையாகவே தேயும். அதற்குள் வேறு பயிர் தேட அவனுக்குக் காலமும் உதவியும் கிடைத்தல் வேண்டும். மேற்கூறிய சாசனத்தின் 17ஆம் உறுப்புரையும் அவ்வுதவியை வற்புறுத்துகின்றது. அரசாங்கத்துக்கு வரும் வரிப்பணம் குறையுமே என்பார்க்கு, வைத்தியசாலைகளின் செலவும் அதே திறைசேரியிலிருந்தே வருகின்றது என்பதை நினைவூட்டினாற் போதும்.

சட்டத்தின் கை எட்டாத இடங்களும் உள. இலத்திரன் சிகரட்டு என்ற புதிய பண்டம், பழவாசனையும் பளபளப்புமாகக் கைத்தொலைபேசித் திரையின் வழியே இளைஞரை அடைந்தது. அமெரிக்காவில் ஜூல் என்னும் கம்பனி, இளையோரைக் கவரும் வகையில் தன் பண்டத்தைப் பரப்பியது பற்றிய விசாரணையைத் தீர்க்கும் பொருட்டு, ஏறக்குறைய 44 கோடி டொலர் செலுத்த 2022ஆம் ஆண்டில் உடன்பட்டது. 35 வயதுக்குக் குறைந்தோரின் உருவத்தையும் கேலிச்சித்திரத்தையும் தன் விளம்பரத்திற் பயன்படுத்துவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. ஒட்டகத்தை விரட்டிய நாட்டில், கால் நூற்றாண்டு கழிந்து அதே நிபந்தனையை வேறொரு கம்பனிக்கு மீண்டும் எழுத நேர்ந்தது. கடல் கடந்து திரையில் வரும் படத்தை ஒரு தீவின் சட்டம் தனித்து நின்று தடுத்தல் அரிது.

எல்லாவற்றினும் அணுகுதற்கரிய இடம் வீடே. மாலையில் வேலை முடிந்து வந்த தகப்பனார், முற்றத்துக் கதிரையில் அமர்ந்து, பத்து வயது மகனைக் கூப்பிடுகின்றார். "தம்பி, ஓடிப் போய்க் கடையிலை ஒரு சிகரட் வாங்கிக்கொண்டு வா." சிறுவன் ஓடுகின்றான். "அப்பாவுக்குத்தானே?" என்று கடைக்காரர் கேட்டுக் கொடுக்கின்றார். சட்டம் வாங்க வருபவரின் வயதையே பார்க்கின்றது. ஆகவே அங்கே குற்றம் நிகழ்ந்துவிட்டது. கடைக்காரர் பொல்லாதவரல்லர், தகப்பனாரும் தம் பிள்ளைக்குத் தீங்கு நினைப்பவரல்லர். ஆயினும் சிகரட்டைக் கையிற் பிடிக்கும் முதற் பழக்கத்தையும், அதன் பெயரையும் விலையையும், அது மதிப்புக்குரிய பெரியவரின் பண்டம் என்ற எண்ணத்தையும் அப்பிள்ளை ஒரே நடையிற் பெற்றுவிட்டது. எந்தக் கம்பனியும் இதனினும் மலிவாக ஒரு விளம்பரத்தைச் செய்துகொள்ள இயலாது.

அவ்வாறே சில இல்லங்களில், விறாந்தையை அடுத்த கண்ணாடி அலுமாரியில், பாடசாலையிற் பிள்ளைகள் பெற்ற வெற்றிக் கிண்ணங்களுக்கு அருகே வெளிநாட்டு மதுப் போத்தல்கள் அழகுக்காக அடுக்கப்பட்டிருக்கும். அவை வெறும் போத்தல்களே. ஆயினும் பரிசுக் கிண்ணத்துக்கு அருகில் வைக்கப்பட்ட பொருளைப் பரிசு என்றே பிள்ளை எண்ணும். தெருவில் இருந்த தட்டியைச் சட்டம் கழற்றிவிட்டது; அலுமாரியில் இருப்பதைக் கழற்றச் சட்டத்துக்கு அதிகாரம் இல்லை. வீட்டுக்காரருக்கு உண்டு.

2006ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையிற் பிறந்த பிள்ளைகள், தம் நாட்டு வானொலியிற் சிகரட்டின் புகழ் பாடக் கேளாமல் வளர்ந்த தலைமுறையினர். அவர்களின் பாட்டன்மாருக்கு அப்பேறு வாய்க்கவில்லை. பாராளுமன்றம் ஒருநாளில் நிறைவேற்றிய சட்டத்தால் மட்டும் அப்பேறு முழுமை பெறாது. நாளை மாலை அதே முற்றத்துக் கதிரையிலிருந்து எழுந்து, தமக்கு வேண்டியதைத் தாமே கடைக்குச் சென்று வாங்கிக்கொள்ளும் தகப்பனார், சட்டம் விட்ட குறையை நிரப்பியவராவார். அவ்வாறு நடந்து செல்லும் வழியில், அது தமக்கும் வேண்டியதுதானா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராயின், அவர் மகனுக்கு அதனைவிடச் சிறந்த பாடம் வேறொன்று தேவையில்லை.